மன்னிப்பும் ஒரு கணக்கு ஒப்படைப்பே

(நமது சங்கத்தின் கோலார் தங்கவயல் கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இது: ஒரு பெரிய கம்பெனியின் தலைவர் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். அந்த மன்னிப்பு எப்போது தர்மப்படி நல்ல மன்னிப்பு ஆகிறது? இதைப் பேசுவதற்குத் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பது என் எண்ணம். உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும், பல ஊர்களில் இருக்கும் உறுப்பினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள். வட ஆற்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து வந்த ஜனங்கள், பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள், சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை உடைத்தார்கள். நம்மவர்களில் இங்கே குடியேறிய பலர் மேலே அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர்கள். 1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மத்திய அரசும் சுரங்கத்தை எடுத்துக்கொண்டன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் கம்பெனி உருவாயிற்று. சுமார் 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் போனது. 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள்.

மூடியது ஒரு குற்றமா? நிதானமாக யோசிக்க வேண்டும். ஆழம் கூடக்கூட செலவு ஏறும். கிடைக்கும் பாறையில் தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே வந்தது. கம்பெனி 1992-லேயே நலிந்த தொழில்களுக்கான வாரியத்தின் முன் போய்விட்டது. பூமிக்குள் தங்கம் தீர்ந்ததற்கு எந்த மேனேஜிங் டைரக்டரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அதற்கு வருத்தம் தெரிவித்தால் போதும்.

ஆனால் மூடிய பின் விட்டுப்போனவை வேறு விஷயம். ஊரைச் சுற்றி 13 மேடுகள் நிற்கின்றன. நாம் சயனைடு மலை என்கிறோம். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சக்கை அது. சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெயரைக் கேட்டுச் சயனைடுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடக் கூடியது. நுண்ணிய சிலிக்காத் தூசி சிதையாது. காற்றடிக்கும் மாதங்களில் அது வீட்டுக்குள் வருகிறது, நுரையீரலுக்குள்ளும் போகிறது. இதை யார் விட்டுப்போனார்கள், ஏன் விட்டுப்போனார்கள், இப்போது காற்றில் எவ்வளவு இருக்கிறது? இந்த ஊர் ஜனங்கள் நோட்டீஸ் பார்த்திருக்கிறார்கள், கோர்ட் உத்தரவு பார்த்திருக்கிறார்கள். மன்னிப்பு என்று ஒன்று வந்ததாக நாம் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு. பக்கத்து வீட்டில் துக்கம் நடந்தால் நாம் வருத்தம் தெரிவிக்கிறோம். நம் வீட்டுச் சுவர் அவர்கள் மேல் விழுந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் அறிக்கைகளில் மன்னிப்பு என்று தலைப்புப் போட்டு உள்ளே வருத்தத்தை வைத்திருப்பார்கள். கவனித்துப் படித்தால்தான் தெரியும்.

இதற்கு ஒரு சுரங்கக் கம்பெனியின் உதாரணமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜூகான் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த தடயங்கள் உள்ள பாறைக்குகைகள் இருந்தன. அங்குள்ள பூர்வகுடி மக்களுக்கு அது புனிதமான இடம். 2020 மே 24-ம் தேதி ரியோ டின்டோ கம்பெனி இரும்புத் தாதுக்காக அதை வெடி வைத்துத் தகர்த்தது. 2013-லேயே சட்டப்படி அனுமதி வாங்கியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, உங்களுக்கு ஏற்பட்ட மனவேதனைக்காக வருந்துகிறோம் என்ற பொருளில் அறிக்கை வந்தது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பிரிவின் தலைவர் தம் ஊழியர்களிடம் பேசியது வெளியே கசிந்தது. மனவேதனைக்குத்தான் மன்னிப்புக் கேட்டோமே தவிர, வெடி வைத்த செயலுக்குக் கேட்கவில்லை என்று அவர் விளக்கியிருந்தார். அதாவது, வலித்ததற்கு வருந்துகிறேன், அடித்ததற்கு இல்லை. இதை மன்னிப்பு என்று எப்படி ஒப்புக்கொள்வது?

அரசாங்க உத்தியோகத்தில் இருந்த நம் எல்லோருக்கும் சார்ஜ் ஒப்படைப்பது என்றால் என்ன என்று தெரியும். மாற்றலாகிப் போகிறவர் பெட்டியில் எவ்வளவு பணம், ஸ்டாக்கில் என்ன குறைகிறது, எந்த ஃபைல் பாக்கி, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் எண்ணிச் சரிபார்க்கலாம். குறைந்தால் அந்தக் கையெழுத்தை வைத்துக் கேட்கலாம். நல்ல மன்னிப்பும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. பாதிக்கப்பட்டவர்கள் கையில், அவர்கள் சரிபார்க்கக் கூடிய, பின்னால் நம்மையே கேள்வி கேட்கப் பயன்படக்கூடிய ஒரு கணக்கை ஒப்படைப்பது. கண்ணீர், கைகூப்புதல், ராஜினாமா, காசோலை எல்லாம் அதற்கு அப்புறம்தான். இதை நான்கு பாகமாகச் சொல்கிறேன்.

முதலாவது, செய்ததைச் செய்தவர் பெயரோடு சொல்வது.

யஜுர்வேதிகள் ஆவணி அவிட்டத்தன்று காமோகார்ஷீத் ஜபம் செய்கிறோம். ஆசை செய்தது, கோபம் செய்தது என்பது அதன் பொருள். செய்தது நான், பழி மட்டும் ஆசையின் மேலா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அதற்குப் பதில் ஜபத்துக்கு முன் சொல்லும் சங்கல்பத்திலேயே இருக்கிறது. தை மாதப் பௌர்ணமியில் செய்ய வேண்டிய உத்ஸர்ஜனத்தைச் செய்யாமல் விட்டதற்காக, இத்தனை ஆவர்த்தி ஜபம் என்று குறிப்பிட்டுச் சொல்கிறோம். எந்த நாள், எந்தக் காரியம், என்ன பரிகாரம், மூன்றும் அதில் உண்டு. அதைச் சொல்லி முடித்த பிறகுதான் ஆசையும் கோபமும் காரணமாக வருகின்றன.

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போக முடியாமல் தவித்த குடும்பங்கள் எத்தனையோ. முதலில் வந்த அறிக்கையில் சின்னத் தொழில்நுட்பக் கோளாறு, குளிர்கால அட்டவணை, வானிலை, நெரிசல் எல்லாம் வரிசையாக வந்தன. விமானிகளின் பணிநேர விதி கடைசியில் நின்றது. அந்த விதியோ முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. அதன் இரண்டாம் கட்டம் நவம்பர் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. டிசம்பர் 5-ம் தேதிதான் தலைமை நிர்வாகி பீட்டர் எல்பர்ஸ் வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேல் ரத்து என்று எண்ணிக்கையும் சொன்னார். தலைவரே வந்ததும் எண்ணைச் சொன்னதும் நல்லது. ஆனால் முதலில் குளிரின் மேலும் மேகத்தின் மேலும் பழி போட்ட அறிக்கை, பின்னால் வந்த மன்னிப்பின் மதிப்பையும் குறைத்துவிட்டது.

இரண்டாவது, கணக்கு உண்மையாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும்.

2009 ஜனவரி 7-ம் தேதி சத்யம் கம்பெனியின் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் ஒரு விசித்திரமான ஆவணம். கம்பெனிக் கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று தொகையோடு ஒப்புக்கொண்டார். மன்னிப்பும் கேட்டார். நான் சொன்ன முதல் பாகத்தில் அவருக்கு நல்ல மார்க் போடலாம். ஆனால் அதே கடிதத்தில் தமக்கு இதனால் ஒரு ரூபாய் கூட லாபமில்லை என்ற தோரணையும் இருந்தது. புலனாய்வு அதை ஏற்கவில்லை. 2015 ஏப்ரலில் நீதிமன்றம் அவருக்கு ஏழு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மேலும், மறைப்பதற்கு வேறு வழி இல்லாத நிலையில் எழுதிய கடிதம் அது. பாதிக் கணக்கைக் கொடுத்துவிட்டு முழுக் கணக்கு என்று கையெழுத்துப் போட்டால், அந்த மன்னிப்பே இன்னொரு குற்றமாகிவிடுகிறது.

மூன்றாவது, கொடுப்பவருக்கு அது வலிக்க வேண்டும், வாங்குபவருக்குப் பயன்பட வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினைத்துப் பாருங்கள். பொய் சொன்னவன் பொற்கொல்லன். வாளை வீசியவன் காவலன். இருவர் மேலும் பழியைத் தள்ள ராஜாவுக்கு எல்லா வசதியும் இருந்தது. சிலம்பு உடைந்து உள்ளே மாணிக்கத்தைக் கண்டதும், குற்றவாளி தானே என்று சபையிலேயே ஒப்புக்கொண்டு உயிரை விட்டான். இதைவிடப் பெரிய விலை எந்தத் தலைவர் கொடுப்பார்? ஆனாலும் கண்ணகிக்கு அதனால் என்ன கிடைத்தது? மதுரை எரிந்ததுதான் மிச்சம். ரியோ டின்டோ விஷயத்திலும் முதலில் போனஸை மட்டும் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு 2020 செப்டம்பரில் தலைமை நிர்வாகி உட்பட மூவர் விலகுவதாக அறிவிப்பு வந்தது. தலை உருண்டது. குகை திரும்பி வரவில்லை.

இதற்கு நேர் எதிர், நம் கொடைக்கானல். இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஃபாக்டரி, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 2001 மார்ச்சில் மூடப்பட்டது. தங்கவயல் மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டுகள் போராடினார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுடன் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. பணம் கொடுத்தார்கள், அது அந்தக் குடும்பங்களுக்கு உதவியது. ஆனால் மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றார்கள். உடல்நலக் கேட்டுக்கு ஃபாக்டரிதான் காரணம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கியவர் கையில் பணம் இருக்கிறது, ஏன் நோய்ப்பட்டோம் என்ற கேள்விக்குக் கம்பெனியின் வாயால் பதில் இல்லை. கடனைத் திருப்பிக் கொடுப்பவன், தர்மம் போடுகிறேன் என்று சொல்லிக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

நான்காவது, மறுபடி நடக்காது என்பதற்கு எல்லோரும் பார்க்கக் கூடிய சாட்சி.

1985 ஆகஸ்ட் 12-ம் தேதி ஜப்பான் ஏர்லைன்ஸ் ஜம்போ விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். 1978-ல் அந்த விமானத்தின் வால்பகுதி ஓடுபாதையில் உரசியபோது, அதைப் பழுது பார்த்தவர்கள் போயிங் கம்பெனியினர். ரிவெட் இணைப்பைச் சரியாகச் செய்யவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஜப்பான் கம்பெனித் தலைவர் தகாகி, போயிங்கைக் காட்டி ஒதுங்கவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தார் முன் தலை குனிந்தார், பதவியையும் விட்டார். நான் பெரிதாக மதிப்பது அதற்குப் பிறகு நடந்ததை. 2006-ல் அந்தக் கம்பெனி ஒரு பாதுகாப்பு மையம் திறந்து, உடைந்த விமானத்தின் பாகங்களை அங்கே வைத்தது. அந்த விபத்து நடந்தபோது பிறந்திராத ஊழியர்களும் அதன் முன் நின்று பாடம் கேட்கிறார்கள். குற்றத்தின் சாட்சியத்தைத் தன் வீட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொள்வது சாதாரணம் இல்லை.

இங்கே வக்கீல்கள் ஓர் ஆட்சேபணை சொல்வார்கள். கம்பெனித் தலைவர் பங்குதாரர்களின் பணத்துக்கு டிரஸ்டி. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதையே ஆதாரமாக்கி வழக்குப் போடுவார்கள், அடுத்தவர் பணம் போகும் என்பார்கள். இது அலட்சியப்படுத்தக் கூடிய வாதம் இல்லை. போபாலில் 1984-ல் விஷவாயு கசிந்தபோது யூனியன் கார்பைட் தலைவர் வாரன் ஆண்டர்சன், தார்மிகப் பொறுப்பு என்ற இடத்தோடு நிறுத்திக்கொண்டார். 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. குற்றம் ஒப்புக்கொள்ளப்படவில்லை. இந்தப் பயத்தைக் குறைக்கவே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2006-லும், ஹாங்காங்கில் 2017-லும் மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். மன்னிப்புக் கேட்டதையே குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம்.

அந்தச் சட்டங்கள் நல்லவைதான். ஆனால் பங்குதாரரின் லாபம் எந்த வேலையிலிருந்து வந்ததோ, அந்த வேலையிலிருந்தே இந்தக் கடனும் வந்தது. லாபத்துக்கு டிரஸ்டி என்றால் கடனுக்கும் டிரஸ்டிதான். சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத இடத்தில் உண்மையைச் சொல்ல ஒரு தலைவர் துணிந்தால், அந்தத் துணிவே அந்த மன்னிப்பை உயர்த்துகிறது.

இன்னோர் ஆட்சேபணையும் உண்டு. தங்கவயலில் யாரைக் கேட்பது? ஜான் டெய்லர் போய்விட்டார்கள், மைசூர் அரசு பெயரே மாறிவிட்டது, பாரத் கோல்டு மைன்ஸில் அன்று கையெழுத்துப் போட்டவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். செய்தவர் இல்லாதபோது மன்னிப்பு எப்படி?

இதற்கும் ஒரு சுரங்கக் கம்பெனியே பதில் சொல்லியிருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பிடிபட்ட அமெரிக்க வீரர்கள் சுமார் 900 பேரை மிட்சுபிஷியின் அன்றைய சுரங்கக் கம்பெனி ஜப்பானில் கட்டாய வேலை வாங்கியது. 2015 ஜூலை 19-ம் தேதி, அதன் வாரிசான மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் கம்பெனியின் உயர் அதிகாரி ஹிகாரு கிமுரா லாஸ் ஏஞ்சலஸ் சென்று, செம்புச் சுரங்கத்தில் உழைத்த 94 வயது ஜேம்ஸ் மர்ஃபியின் முன் தலை வணங்கி மன்னிப்புக் கேட்டார். அவர் ஏற்றுக்கொண்டார். சீனத் தொழிலாளர்களுக்கு அப்போது ஒன்றும் சொல்லவில்லை என்ற குறை எழுந்தது. 2016 ஜூனில் அவர்களோடும் உடன்பாடு செய்து, மனித உரிமை மீறப்பட்டதை ஒப்புக்கொண்டு, 3,765 பேருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் யுவான் தருவதாகக் கையெழுத்திட்டார்கள். எழுபது வருஷம் தாமதம் என்பது உண்மை. ஆனாலும் சொத்தை வாங்குகிறவன் கடனையும் வாங்குகிறான் என்ற நியாயத்தை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நம் குடும்பங்களில் பித்ரார்ஜிதம் பற்றி இதைத்தானே சொல்வோம்?

இது நமக்கு ஏன் இப்போது முக்கியம் என்று சொல்லி முடிக்கிறேன். 2024 ஜூனில், இந்த 13 மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு கொடுத்தது. சக்கையில் இன்னும் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் எடுத்தாலும், நம் தாத்தா காலத்தில் அரைத்துக் கொட்டியதை மறுபடி கிளறுவார்கள். மறுபடி தூசி எழும். எடுக்கிறவரோ, இதுவரை வைத்திருந்தவரோ, முதலில் ராபர்ட்சன்பேட்டைக்கோ மாரிக்குப்பத்துக்கோ வந்து ஜனங்கள் முன்னால் நின்று பேச வேண்டும். அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"இந்த மேடுகளை இந்தத் தொழில்தான் கொட்டியது. 2001-க்குப் பின் இவற்றை முழுமையாக மூடிப் பாதுகாக்காமல் விட்டோம். காற்றிலும் கிணற்று நீரிலும் இன்று அளந்தது இவ்வளவு, இதோ தாள். நீங்களும் உங்கள் ஆளை வைத்து அளக்கலாம். தூசியால் நோய்ப்பட்ட பழைய தொழிலாளர்களைப் பரிசோதித்து வைத்தியம் செய்ய முதல் டன் அள்ளுவதற்கு முன்பே இவ்வளவு தொகை ஒதுக்கியிருக்கிறோம். மாதா மாதம் அளவை ஊர் நடுவே பலகையில் எழுதுவோம். தவறினால் இந்தத் தாளை வைத்தே எங்களைக் கேளுங்கள்."

இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவர் ஒவ்வொருவரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது.

இந்த மன்னிப்பு முதலில் நமக்கு வர வேண்டியது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூமிக்கு அடியில் அறுபது டிகிரிக்கு மேல் கொதித்த பாறையோடு மல்லுக்கு நின்றவர்களின் குடும்பங்களுக்குத்தான் முதல் மரியாதை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். நம் பங்கு வேறு. நம் பெரியவர்கள் கணக்கு எழுதிய ஜனங்கள். பழைய லெட்ஜர், சர்க்குலர், ஊர்ப் படம், சம்பளச் சீட்டு என்று எத்தனையோ நம் வீட்டுப் பரண்களில் தூங்குகின்றன. பெங்களூரிலோ சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் தங்கவயல் குடும்பங்கள் அவற்றைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாமல் எடுத்து வைக்க வேண்டும், தொழிலாளர் குடும்பங்கள் கேட்டால் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒருநாள் யாராவது மன்னிப்பு என்று ஒரு தாளை நீட்டினால், அது முழுக் கணக்கா, பாதிக் கணக்கா என்று சரிபார்க்க அவை உதவும்.